லீக்ஸ் தோலுக்கு டிஐஐயா, எஃப்எம் 4-64ஆ?

நானுஓயாவிலிருந்து வரும்போது பையில் இரண்டு லீக்ஸ் கொண்டுவருவேன். பேராதனை ஆய்வுகூடத்தில் அவற்றின் வெள்ளைப் பகுதியின் உட்தோலை உரித்து, உயிருள்ள கலங்களின் முதலுரு மென்சவ்வை, அதாவது கலச்சுவருக்கு உட்புறமாகக் கலத்தைச் சூழும் மெல்லிய சவ்வைப் படம்பிடிப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. கையில் இருந்தவை மென்சவ்வில் பதிந்து ஒளிரும் இரண்டு சாயங்கள்: டிஐஐ (DiI), எஃப்எம் 4-64 (FM 4-64). நான் எடுத்தது எஃப்எம் 4-64. இன்று கேட்டாலும் அதையே எடுப்பேன்.

இரண்டையும் பச்சை ஒளியால் ஒளிரத் தூண்டலாம். டிஐஐயில் 18 காபன் கொண்ட இரண்டு சங்கிலிகள் இருப்பதால் தண்ணீரில் கரையாமல் துகளாகத் திரளும். கலச்சுவரைத் தாண்டவும் சிரமப்படும். எனக்குக் கிடைத்த படங்களில் சுவரில் ஒட்டிய பொட்டுகள்தான் அதிகம்.

எஃப்எம் 4-64 தண்ணீரில் கரையும். ஆனால் மென்சவ்வில் செருகிக்கொண்ட பிறகுதான் நன்றாக ஒளிரும், அதனால் கழுவாமலே பார்க்கலாம். கழுவக் கழுவச் சுருண்டுபோகும் தோலோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தெரிவது சுவரா, மென்சவ்வா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. செறிந்த சீனிக்கரைசல் விட்டேன், அதில் கலத்தின் தண்ணீர் வெளியேறி மென்சவ்வு சுருங்கும், சுவர் அப்படியே நிற்கும். சிவப்புக் கோடு சுவரைவிட்டு விலகி உள்ளே சுருங்கியது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சரி, குறை? சாயம் வெளியே தங்காது. கலம் மென்சவ்வைக் கிள்ளி உள்ளே இழுக்கும்போது சாயமும் போய்விடும். மதுவக் (yeast) கலங்களில் அது உள்ளேயிருக்கும் புன்வெற்றிடத்தின் (vacuole) மென்சவ்வுவரை போவதை 1995இல் வீடா, எம்ர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் முடிவைத் தீர்மானித்ததும் இந்த நேரக் கணக்குதான். உள்ளிழுப்பு வெப்பநிலையைப் பொறுத்தது, பனிக்கட்டியில் ஏறத்தாழ நின்றுவிடும். ஆகவே சாயம், கரைசல், கண்ணாடித்தட்டு எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்து, முதல் பத்து நிமிடத்துக்குள் படம் எடுத்துவிடுவேன். பேராதனை மத்தியான வெக்கையில் தட்டு சூடேறினால் உள்ளே சிறு புள்ளிகள் தோன்றும். எங்கள் ஊர்க் குளிரில் இவ்வளவு அவசரம் இருக்காது. அப்புறம், உள்ளிழுப்பையே பார்க்க விரும்பினால் தட்டைச் சூடாக விட்டால் போதும். டிஐஐயில் இந்த வசதி இல்லை.

நரம்புக் கலங்களின் நீண்ட கிளைகளை நாள்கணக்கில் தொடர டிஐஐதான் பொருத்தம். அதில் எனக்கு அனுபவம் குறைவு. டிஐஐத் தூளை இருட்டில், அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம். எஃப்எம் 4-64 உறைபெட்டியில் இருக்க வேண்டும். கரைத்ததைச் சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள், கரண்ட் போனால் எல்லாம் ஒன்றாக வீணாகாது.

தேயிலை இலையில் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பச்சையமும் சிவப்பில்தான் ஒளிரும். முதலில் வேரில் தொடங்குங்கள்.