மினி விப் ஆன்டெனா: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

கோடை இடியில் போன ஜே310 எஃப்.இ.டி டிரான்சிஸ்டரை மாற்றி, ரேடியோ கேட்பதற்கான குட்டி ஆன்டெனாவான மினி விப்பை மாடிக் கம்பத்தில் மறுபடி ஏற்றியிருக்கிறேன். இந்த நேரம் பார்த்து, தன் அடுக்ககத்துக்கு இது சரிப்படுமா என்று கேட்கிறார் நண்பர்.

நெதர்லாந்தின் ரூலோஃப் பாக்கர் வடிவமைத்தது இது. ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் வெப்எஸ்டிஆர் ரேடியோவில் சிற்றலை கேட்பவர்கள் இதன் வழியாகத்தான் கேட்கிறார்கள். சிக்னலைப் பிடிப்பது தீப்பெட்டியளவு செப்புத்தகடு. 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் வரை டியூன் செய்யாமலே கேட்கலாம். ஆன்டெனாவைச் சுருக்கினால் திறனையோ பட்டை அகலத்தையோ (டியூன் செய்யாமல் கேட்கக்கூடிய அலைவரிசை வீச்சு) இழந்தாக வேண்டும். 1948-இல் பொறியாளர் எல்.ஜே. சூ கணக்கிட்டுக் காட்டிய வரம்பு அது. பாக்கர் திறனைத் துணிந்து விட்டுக்கொடுத்தார். சிற்றலையில் வானத்து இரைச்சலே ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலை விஞ்சி நிற்பதால் கேட்பதற்கு அந்த இழப்பு உறைப்பதில்லை. (ஒலிபரப்ப இது உதவாது.) நெல்லை விஜயநாராயணத்துக் கடற்படை நிலையம் நீர்மூழ்கிகளுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னலின் அலைநீளம் பதினாறு கிலோமீட்டருக்கும் மேல். அது இந்தத் துண்டுத் தகட்டில் சிக்கி, என் திரையில் பளிச்சென்ற கோடாகத் தெரிகிறது. எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

கோபமெல்லாம் கேபிளின் மேல்தான். தகடு பாதி ஆன்டெனா என்றால் கோஆக்ஸ் கேபிளின் வெளிக் கம்பிப்பின்னல் மீதிப் பாதி. விற்கிறவர்கள் இதை வாய் திறந்து சொல்வதே இல்லை. எல்.இ.டி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வீட்டிலுள்ள அத்தனை இரைச்சலும் பின்னல் வழியே மேலேறி, சிக்னலோடு சிக்னலாகத் திரும்பி வருகிறது. கம்பத்தடியில் எர்த் அடித்துப் பின்னலை அதில் சேர்த்தேன். அங்கிருந்து வீட்டுக்கு வரும் கேபிளை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையத்தில் பல சுற்று சுற்றினேன். 7 மெகாஹெர்ட்ஸில் அதுவரை புதைந்து கிடந்த மோர்ஸ் அதன்பிறகே காதில் விழுந்தது. அப்படியும் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடினால் எல்லாம் பாழ். தெருவே இருண்டு கிடக்கும் மின்தடை இரவில் பேட்டரியில் கேட்டால்தான் இந்த ஆன்டெனாவின் உண்மையான தரம் தெரியும்.

பாக்கரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்த அளவுக்குள் இதைவிடச் சிறப்பாகச் செய்வது கடினம். எர்த் அடிக்க மண்ணில்லாத அடுக்ககத்துக்கு மட்டும் இது வேண்டாம். வளைய வடிவ லூப் ஆன்டெனா வாங்குங்கள், திருப்பி வைத்து இரைச்சலைக் குறைக்கவாவது வழியிருக்கும். தோட்டமுள்ள வீட்டுக்காரர் கேட்டாலும், இன்றைக்கு இருக்கும் எரிச்சலில், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.