இருட்டைக் கட்ட ஒரு கருவி: த்ரீ.ஜேஎஸ் மதிப்புரை

ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகளும் நடைவழிகளும் இடம் மாறும் பாழடைந்த அரிசி ஆலை. உள்ளே கையில் டார்ச்சுடன் ஆட்டக்காரர் மட்டும். பிரௌசரிலேயே ஓடும் இந்தத் திகில் விளையாட்டை த்ரீ.ஜேஎஸ் கொண்டு கட்டிவருகிறேன். ரிக்கார்டோ கபெயோ 2010-இல் வெளியிட்ட இந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, பிரௌசரில் முப்பரிமாணக் காட்சிகளை வரையும். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூடுபனி. தொலைவு கூடக்கூட அடர்ந்துகொண்டே போகும் மூடுபனியை ஒரே வரியில் எழுதிவிடலாம். அதற்கும் பின்னணிக்கும் ஒரே கருப்பைக் கொடுத்தால், நடைவழி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. பயமும் அங்கேதான் பிறக்கிறது. அடுத்த அறை உருவாவதும் அந்த மறைவில்தான். டார்ச்சுக்கு, ஒரே திசையில் கூம்பாக ஒளி வீசும் ஸ்பாட்லைட் போதும். எல்லாத் திசைகளிலும் ஒளி வீசும் பாயின்ட்லைட்டின் நிழலுக்குக் காட்சியை ஆறு திசைகளில் வரைய வேண்டும். ஸ்பாட்லைட்டின் நிழலுக்கு ஒரு முறை வரைந்தால் போதும். ஒலியையும் இடம் குறித்து வைக்கலாம். ஹெட்போனில் கேட்டால், கொதிகலனின் முனகல் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். ஆனால் ஆட்டக்காரர் எதையாவது சொடுக்கும் வரை பிரௌசர்கள் பொதுவாக ஒலியை அனுமதிப்பதில்லை. தொடக்கப் பொத்தான் கட்டாயம் வேண்டும்.

வரைபடத்தை உருவாக்கும் வேலை முழுக்க நம்முடையது. தற்செயல் எண்களைத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரேண்டம், அந்த எண் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான விதை எண்ணை ஏற்காது. இந்த லைப்ரரியிலுள்ள சீடெட்ரேண்டம் ஏற்கும். ஒரே விதைக்கு ஒரே ஆலை. “சுவருக்குள் சிக்கிக்கொண்டேன்” என்று ஒருவர் எழுதினால், அவருடைய விதை எண்ணைப் போட்டு அதே சுவர் முன்னால் போய் நிற்கிறேன். வெறும் தற்செயலால் மட்டும் யாரையும் பயமுறுத்த முடியாது என்பது என் உறுதியான எண்ணம். கதவு ஒன்று தானாகத் திறந்தால், அடுத்த இரண்டு அறைகளில் எதுவுமே நடக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு அறைகளில்தான் பலரும் நடையைக் குறைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. காட்சியிலிருந்து அறையை நீக்கினாலும் கிராபிக்ஸ் நினைவகம் தானாக விடுபடாது. வடிவம், மேற்பரப்பின் தன்மையைக் குறிக்கும் மெட்டீரியல், அதன் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர் ஒவ்வொன்றுக்கும், நினைவகத்தை விடுவிக்கும் டிஸ்போஸ் கட்டளையை அழைக்க வேண்டும். முடிவில்லாமல் நீளும் ஆலைக்கு இது உயிர்நாடி. பதிப்புகளும் வேகமாக மாறுகின்றன. 155-ஆம் பதிப்பில் ஒளிக் கணக்கின் இயல்புநிலையே மாறியது. பழைய பாடங்களின் ஒளி அளவுகளை அப்படியே எழுதினால் காட்சி வேறாகத் தெரியும். இருட்டே முதலீடான விளையாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. தொடங்கும்போதே ஒரு பதிப்பைத் தேர்ந்து, விளையாட்டு முடியும் வரை அதிலேயே நில்லுங்கள்.