கைத்தடியா, வாக்கரா?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பெரியம்மா, பல வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது வலது முட்டி தேய்ந்து, அந்தக் காலை ஊன்றிய உடனே எடுத்துவிடுகிறார். சாதாரண நடையில் ஒவ்வொரு பாதமும் சுமார் 60 விழுக்காடு நேரம் தரையில் இருக்கும், 40 விழுக்காடு காற்றில். வலிக்கும் காலுக்கு அந்த 60 குறைந்துவிடும். நொண்டல் அங்கேதான் தொடங்குகிறது.

இவருக்குக் கைத்தடியே போதும். ஆனால் அதை வலக்கையில் பிடித்திருந்தார். நிறையப் பேர் செய்யும் தவறு. தடி நல்ல காலின் பக்கம் இருக்க வேண்டும், வலிக்கும் காலோடு சேர்ந்து முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடமே தடியின் பிடிக்குச் சரியான உயரம். இடக்கைக்கு மாற்றிய பிறகு, கடைத்தெரு அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையில்) நிற்காமல் நடந்தார். பார்க்க அவ்வளவு நிம்மதி!

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பார்க்கின்சன், அதாவது உடல் அசைவை மெதுவாக்கும் நரம்பு நோய். முன்னே குனிந்து, கை வீசாமல், பாதத்தைத் தேய்த்தபடி குட்டி அடிகள். திரும்பும்போது கால் ஒட்டிக்கொள்கிறது. தடுமாறினால் ஒற்றைத் தடி தாங்காது. வாக்கர் என்பது இரு கையாலும் பிடித்து நடக்கும் சட்டம். தூக்கி வைக்கும் வாக்கரோ நடையின் ஓட்டத்தை வெட்டிவிடும். சக்கரமும் பிரேக்கும் உள்ள வாக்கரே அவருக்கு நல்லது, ஆனால் செம்மண் பாதைக்குப் பெரிய சக்கரமாகப் பாருங்கள். அப்புறம், எதை வாங்கினாலும் முதலில் பிசியோதெரபிஸ்ட் முன்னால் நடந்து காட்டுங்கள்.