ஜோத்பூர், 1947: ஜின்னாவின் வெற்றுத்தாளா, பட்டேலின் வாக்குறுதியா?

இந்தியாவா, பாகிஸ்தானா என்று சமஸ்தானங்கள் முடிவெடுக்க வேண்டிய நேரம். ஜோத்பூர் மகாராஜா ஹன்வந்த் சிங்குக்கு அப்போது 24 வயது. அப்பா உமைத் சிங் ஜூனில் இறந்து, பட்டத்துக்கு வந்து இரண்டே மாதம். ராஜபுதனத்திலேயே (இன்றைய ராஜஸ்தான்) பெரிய சமஸ்தானம், குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள், மேற்கே பாகிஸ்தானுக்குப் போகவிருந்த சிந்துவின் எல்லை. இந்த எல்லைதான் அவருக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது.

முதலில் ஜின்னா. வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு, தன் பேனாவையும் சேர்த்து நீட்டி, வேண்டிய நிபந்தனைகளை எழுதிக்கொள்ளச் சொன்னார் என்று, சமஸ்தானங்களின் இணைப்பில் பட்டேலின் வலது கையாக இருந்த அதிகாரி வி.பி. மேனன் பதிவு செய்திருக்கிறார். கராச்சித் துறைமுகம், தடையில்லாத ஆயுத இறக்குமதி, சிந்து ஹைதராபாத் வரை போகும் ரயில் பாதையில் அதிகாரம், பஞ்சத்துக்குத் தானியம். இவ்வளவும் மேசையில் இருந்தன.

பட்டேல் தரப்பு இதற்கு ஈடாகச் சொன்னது ஆயுத இறக்குமதி, தானியம், கட்ச் துறைமுகத்துக்கு ரயில். தானியமும் ஆயுதமும் சரிக்குச் சரி. துறைமுகம்தான் இடித்தது. கராச்சி இயங்கிக்கொண்டிருந்த துறைமுகம். கட்ச் ரயிலோ இனிமேல்தான் போட வேண்டும். வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தால் ஜின்னா கொடுத்ததே கனமானது. இதை ஒப்புக்கொள்ளாமல் பட்டேலைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தாளில் எழுதியதை யார் காப்பாற்றுவார்கள்? மன்னருடன் போயிருந்த ஜெய்சல்மேர் இளவரசர், இந்து முஸ்லிம் கலவரம் வந்தால் இந்துக்களுக்கு எதிராக நிற்க மாட்டேன் என்று ஜின்னாவிடமே நிபந்தனை போட்டார். ஹன்வந்த் சிங்கின் மனம் தடுமாறியது அங்கேதான். சட்டப்படி நீங்கள் எங்கும் சேரலாம், ஆனால் குடிமக்கள் இந்துக்கள், கலவரம் வெடிக்கும் என்று வைஸ்ராய் மவுண்ட்பேட்டனும் எச்சரித்தார்.

உறுதிமொழிகளின் ஆயுளையும் பார்ப்போம். இந்திய இணைப்புப் பத்திரம் கேட்டது பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மூன்றை மட்டுமே; மற்றவை மன்னரிடமே. ஆனால் 1949 மார்ச் 30 அன்று ஜோத்பூர் ராஜஸ்தானுக்குள் கரைந்துவிட்டது. அந்தப் பக்கமும் அப்படித்தான்: 1947 ஆகஸ்டில் பலுசிஸ்தான் சமஸ்தானமான கலாத்தைச் சுதந்திர நாடு என்று ஏற்ற பாகிஸ்தான், 1948 மார்ச்சில் அதை இணைத்துக்கொண்டது.

கடைசியில் மகாராஜா இந்தியாவுக்கே கையெழுத்திட்டார். மவுண்ட்பேட்டன் அறையை விட்டுப் போனதும் பேனாவுக்குள் மறைத்த துப்பாக்கியை எடுத்து மேனனை நோக்கி நீட்டினார், உங்கள் கட்டளைக்குப் பணிய மாட்டேன் என்று. மேனன் அசையவில்லை.

இந்தப் பேரங்களில் என் மனதை உறுத்துவது ஒன்றுதான். இரண்டு தாள்களிலும் குடிமக்களுக்குக் கையெழுத்திட இடமே இல்லை. மன்னராட்சிக்கு எதிராக மார்வாரில் (ஜோத்பூர் சமஸ்தானத்தின் இன்னொரு பெயர்) லோக் பரிஷத் என்ற மக்கள் அமைப்பை நடத்தி, சிறை சென்ற ஜெய் நாராயண் வியாஸையும் யாரும் அந்த அறைக்கு அழைக்கவில்லை. 1952 தேர்தலில் அந்த வியாஸை எதிர்த்து நின்றவர் ஹன்வந்த் சிங். ஜோத்பூர் மக்கள் மகாராஜாவுக்கே ஓட்டுப் போட்டார்கள். வெற்றியை அவர் அனுபவிக்கவில்லை. ஜனவரி 26 அன்று விமான விபத்தில் இறந்துபோனார்.