படகுப் படம் லினோவுக்குப் போகும் வழி: கார்பனா, டிரேசிங்கா, நேரடியா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நிற்கும் ஒரு விசைப்படகை லினோ அச்சாகப் போட ஆசைப்பட்டேன். லினோ என்பது லினோலியம் என்ற மென்மையான தகடு; உளியால் செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும், மீதி மேற்பரப்பு மை பிடித்துத் தாளில் பதியும். பென்சில் ஸ்கெட்ச் அருமையாக வந்துவிட்டது. அதை லினோவுக்கு மாற்றுவதில்தான் தகராறு.

முதலில் கார்பன் தாளை நம்பினேன். கோடெல்லாம் ஊசி மாதிரி தெளிவாக விழுந்தது. செதுக்கி, மை உருட்டி, தாளை உரித்துப் பார்த்தால் படகின் பெயர் 'முத்தழகி' வலமிருந்து இடமாக ஓடுகிறது. கி முன்னால், மு கடைசியில், ழகரம் எதிர்ப்பக்கம் சுழித்துக்கொண்டு. அச்சில் இடவலம் மாறும் என்று தெரியாதவனில்லை, கை மறந்துவிட்டது. ஸ்கெட்சை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து, பின்பக்கம் ஒருமுறை வரைந்துகொண்டால் கார்பனும் சரிப்படும். ஆனால் இரண்டு முறை நகலெடுத்த கோட்டில் உயிர் போய்விடுகிறது.

டிரேசிங் தாளில் இந்தத் தொல்லை இல்லை. 6பி என்ற மென்மையான, கறுப்பான பென்சிலால் அழுத்தி வரைந்து, லினோமேல் கவிழ்த்து ஒட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். லினோவில் படம் திரும்பி விழும், அச்சில் நேராகிவிடும். ஒரே குறை, செதுக்கும்போது உள்ளங்கை பட்டுக் கோடு அழியும். மார்க்கரால் மேலே ஓட்டிவிட வேண்டும். 1799-இல் வெளிவந்த 'காப்ரிச்சோஸ்' என்ற செப்புத்தகட்டு அச்சு வரிசையின் 80 படங்களுக்கு ஸ்பானிய ஓவியர் கோயா கையாண்டதும் இதற்கு உறவுமுறைதான்: ஈரப்படுத்திய ஓவியத்தைத் தகட்டின்மேல் கவிழ்த்து அச்சு எந்திரத்தில் ஓட்டினார். அந்த முன்வரைவுகளில் தகடு அழுந்திய தடம் இன்றும் தெரிகிறது.

லினோமேலேயே நேரடியாக வரைவது மூன்றாவது வழி. வேகம் உண்டு, துள்ளல் உண்டு. எழுத்து மட்டும் வேண்டாம்.

எந்த வழியானாலும் ஒன்று இருக்கிறது. பென்சிலில் கட்டைவிரலால் தேய்த்துப் படகின் அடிவயிற்றில் இதமான சாம்பல் நிழல் கொடுத்திருந்தேன். லினோவுக்கு அது புரியாது. மை பிடிக்கும், அல்லது பிடிக்காது. அந்த நிழலை உளிக்கோடுகளாக மாற்ற ஒரு மாலை முழுக்கப் போனது. அழகாக முடித்த ஸ்கெட்ச் நம்மை ஏமாற்றும் இடம் இது. இப்போதெல்லாம் பென்சிலில் பாதியோடு நிறுத்தி, கறுப்பு எங்கே வெள்ளை எங்கே என்று பிரஷ்ஷால் அடித்துப் பார்த்த பிறகே டிரேசிங்.

இரண்டாவது லினோவை வெயிலில் கொஞ்சம் இளக வைத்தேன். படகும் பெயரும் டிரேசிங்கில். அலைக்கு ஸ்கெட்சே போடவில்லை, உளி போன போக்கில் விட்டேன்.