வந்து பார்க்கிற கொம்பனியா, சான்றிதழ் கேட்கிற கொம்பனியா?

மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் ஒரு பெண்கள் குழு வறுத்த அரிசிமாவும் மிளகாய்த்தூளும் செய்கிறது. எட்டுப் பேர், ஒரு அரைக்கும் மெஷின், ஒரு சீல் போடும் மெஷின், அவ்வளவுதான். இப்படியான குழுக்களுக்கு லேபலும் பைலும் ஒழுங்குபண்ணிக் கொடுப்பது என் பிழைப்பு. போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பெரிய கொம்பனிகள் இவர்களிடம் சரக்குக் கேட்டன. ஒன்று, "எங்கள் ஆட்கள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள், பிறகு விலை பேசலாம்" என்றது. மற்றது, "ஐ.எஸ்.ஓ 22000 சான்றிதழின் பிரதியை அனுப்புங்கள், போதும்" என்றது. உணவுப் பாதுகாப்பு முறைக்கான சர்வதேசத் தரச் சான்றிதழ் அது. குழுத் தலைவி என்னைவிட இருபது வயது மூத்தவர். "வீட்டுக்கு வாறவனா, கடுதாசி கேக்கிறவனா, ஆரை நம்புற மனே?" என்று கேட்டார்.

எந்தப் பக்கம் போனாலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருவார், லேபலில் திகதியும் சேர்பொருளும் சரியாக இருக்க வேண்டும். அதை விட்டுவிடலாம். வித்தியாசம் அதற்கு மேலேதான்.

வந்து பார்க்கிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? முதலில் கூரை, பிறகு மூலை. எலிப் புழுக்கை இருக்கிறதா, டியூப் லைட்டுக்கு மூடி இருக்கிறதா, கையில் காப்பு, மோதிரம் போட்டுக்கொண்டு மா அள்ளுகிறார்களா, கிணற்றுத் தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது. இவ்வளவும் எங்கள் ஆட்கள் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது ஒன்று வந்தது. வந்தவர் அலுமாரியிலிருந்து ஒரு மிளகாய்த்தூள் பைக்கற்றை எடுத்தார். "இது எந்த மூட்டை மிளகாயில் அரைத்தது? அந்த மூட்டையில் வந்த மற்றப் பைக்கற்றுகள் இப்போது எந்தக் கடைகளில் இருக்கின்றன?" என்று கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூட்டை எண்ணைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணித்தியாலம் போயிற்று. கடைகளின் பெயர் தலைவியின் ஞாபகத்தில் இருந்தது, கொப்பியில் இல்லை. மிளகாயில் பூஞ்சை நஞ்சு, அதாவது அப்லடொக்ஸின், இருப்பதாக நாளை ஒரு ரிப்போட் வந்தால் எந்தப் பைக்கற்றைத் திருப்பி எடுப்பது? அந்தக் கேள்விக்குத்தான் அவர் விடை தேடினார். பதினொரு குறை எழுதினார், அதில் இரண்டு பெரியவை. திருத்தத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதில் அக்காமாருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

சான்றிதழ் வழி இதைவிட மரியாதையானது. திகதி முன்கூட்டியே தெரியும், வருகிறவர் வெளி நிறுவனத்தின் ஆள், அவருக்குரிய கட்டணத்தை நாமே கட்டுகிறோம். ஐ.எஸ்.ஓ 22000 முதலில் 2005இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது. சான்றிதழ் 3 வருடத்துக்குச் செல்லும், இடையில் வருடாந்தப் பரிசோதனை உண்டு. பெரிய ஏற்றுமதிக் கொம்பனிகள் அதற்கும் மேலே, ஐ.எஸ்.ஓ 22000ஐ அடிப்படையாகக் கொண்ட இன்னும் கடுமையான எஃப்.எஸ்.எஸ்.சி 22000 சான்றிதழைக் கேட்பார்கள். அதில் 3 வருடத்தில் ஒரு தடவையாவது சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. எட்டுப் பேர் குழுவுக்கு அது எட்டாத உயரம்.

சான்றிதழுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஒருதரம் எடுத்தால் பத்துக் கொம்பனிக்குக் காட்டலாம். வந்து பார்த்தவரின் ரிப்போட் அவருடைய கொம்பனிக்கு மட்டும்தான். நாளைக்கு அவர்கள் விலையை நெரித்தால், அந்த ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வாசலுக்குப் போக முடியாது.

அப்படியிருந்தும் நான் ஏன் வந்து பார்க்கிறவரின் பக்கம் நிற்கிறேன் என்றால், அமெரிக்காவில் நடந்த கச்சான் (நிலக்கடலை) விவகாரம்தான். பீநட் கோர்ப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்ற கொம்பனியின் கச்சான் சரக்கில் சல்மொனெல்லா கிருமி இருந்து, 2008, 2009இல் 700க்கு மேற்பட்டோர் நோயாளிகளானார்கள், 9 பேர் இறந்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு வெளி ஓடிட் நிறுவனம் ஒன்று மிக உயர்ந்த தரம் கொடுத்திருந்தது. கட்டணம் கட்டியது பரிசோதிக்கப்பட்ட கொம்பனியேதான். அந்த ரிப்போட்டை நம்பிச் சரக்கு எடுத்தவர்களில் கெலொக்ஸ் என்ற பெரிய உணவுக் கொம்பனியும் ஒன்று. நெஸ்லே தன் சொந்த ஆட்களை அனுப்பியது. 2002இல் ஒரு தொழிற்சாலையையும் 2006இல் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது. இரண்டாவது இடத்தில் செத்த எலிகள் கிடந்தன. ஒரே விற்பனையாளர், பார்த்த கண்தான் வேறு. கொம்பனித் தலைவருக்கு 2015இல் 28 வருடச் சிறை.

மூன்றாவது வழி ஒன்றும் நம் ஊரில் தினமும் காலையில் நடக்கிறது. படுவான்கரையில் பால் சேகரிக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே யாருடைய மாட்டுப்பட்டியையும் யாரும் ஓடிட் பண்ணுவதில்லை. கான் வருகிறது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லக்டோமீற்றரை விடுகிறார்கள், பாலோடு சம அளவு அல்ககோல் கலந்து திரைகிறதா பார்க்கிறார்கள். திரைந்தால் கான் அப்படியே திரும்பும். மிஞ்சியதற்குக் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் வைத்து விலை. சைக்கிளில் ஒரு மணித்தியாலம் வெயிலில் வந்தவருக்கு இது கொடுமைதான், ஆனாலும் ஆள் பார்த்துத் தீர்ப்பு இல்லை. பட்டி மோசமா நல்லதா என்று கேட்காமல், இன்றைய பால் எப்படி என்று மட்டும் கேட்கிற முறை.

இதன் ஓட்டையும் தெரிந்ததே. சோதனை எதைத் தேடுகிறதோ அதை மட்டும்தான் பிடிக்கும். 2008இல் சீனாவில் பாலின் புரதத்தை நைதரசனை வைத்து அளந்தார்கள் என்பதால், தண்ணீர் கலந்த பாலில் நைதரசன் நிறைந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கொட்டினார்கள். சோதனையில் பால் தேறியது. கிட்டத்தட்ட 3 இலட்சம் குழந்தைகள் நோய்ப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். நம் பக்கத்தில் அப்படியான சூது இல்லை என்றாலும், மடிவீக்கத்துக்கு ஊசி போட்டு மருந்து கலந்திருக்கும் மாட்டின் பாலை லக்டோமீற்றர் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பட்டிக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

தலைவிக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் வந்து பார்க்கிறவருக்குக் கொடுங்கள், பதினொரு குறையையும் அவர்கள் சொல்லித்தந்த பாடமாக எடுத்துத் திருத்துங்கள், அந்தப் பைலைக் கொண்டே இரண்டு வருடத்தில் சான்றிதழுக்குப் போகலாம். தலைகீழாகப் போனால் கொம்பனி கேட்ட கடுதாசி இருக்கும், மூட்டை எண் இருக்காது. அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "கடுதாசிக்காரன் விலை கூடத் தாறானே" என்றார். அதுவும் உண்மைதான், கிலோவுக்கு நல்ல வித்தியாசம்.

இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொப்பி தொங்குகிறது. மூட்டை வந்த திகதி, எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை பைக்கற், எங்கே போனது. இரண்டாம் தடவை வந்தவர் அதே கேள்வியைக் கேட்டார். ஒன்பது நிமிடம். தேத்தண்ணீர் அன்றைக்கும் குடிக்கவில்லை.