ஜிபியிடமிருந்து நிபுணரிடம்: இங்கிலாந்துச் சுகாதார சேவையின் காத்திருப்பு குறித்து ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.-இல், விசேட வைத்திய நிபுணரின் அறைக்குள் சென்ற பின்னர் கிடைக்கும் வைத்தியத்தைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. அந்த அறைக்குப் போய்ச் சேரும் வரையான வழியைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். லண்டனில் என்னுடன் வசிக்கும் அம்மாவின் முழங்கால் தேய்வுக்காக ஜிபி (குடும்ப வைத்தியர்), பிசியோதெரப்பி, எலும்பியல் நிபுணர் என்று எல்லா இடங்களுக்கும் அவருடன் சென்றுவருபவள் நான். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தாமதம் எங்கே, எதனால் ஏற்படுகிறது என்பதை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதே இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்பது என் முடிவு.

முதற்படியான ஜிபியைச் சந்திப்பது முன்பைவிட ஓரளவு இலகுவாகியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, இணைப்புக் கிடைக்கும்போது அன்றைய இடங்கள் முடிந்துவிட்டன என்று கேட்கும் நிலை இன்னும் முற்றாக மறையவில்லை. ஆனால் அவசரமற்ற தேவைகளுக்கான இணையப் படிவத்தை வேலைநாட்களில் காலை 8 மணி முதல் மாலை 6.30 வரை திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், வேலையிடத்தின் மதிய இடைவேளையில் அம்மாவுக்காக நான் விண்ணப்பிக்க முடிகிறது. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பித் தரப் பிள்ளைகள் அருகில் இல்லாத முதியவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்துக் கிளினிக்கில் காத்திருந்தாலும் அன்றைக்கே வைத்தியரைக் கண்டுவிடலாம். வசதியுள்ளவர்கள் பணம் கட்டிச் சனல் செய்து, அதாவது தனியாரிடம் நேரம் பதிந்து, நிபுணரை நேரடியாகவே சந்திப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எங்கள் பெற்றோருக்கு, ஜிபியின் கடிதம் இல்லாமல் நிபுணரிடம் போக முடியாத இந்த நாட்டு முறை விளங்குவதில்லை. ஜிபி தன்னைத் தட்டிக்கழிக்கிறார் என்றே அம்மா நீண்ட காலம் நம்பியிருந்தார். அது சரியல்ல என்று அவருக்கு விளக்கிய எனக்கும், ‘ரெஃபர் பண்ணியாயிற்று’ (நிபுணரிடம் அனுப்பக் கடிதம் எழுதியாயிற்று) என்ற வார்த்தைக்குள் எத்தனை வழிகள் அடங்கியிருக்கின்றன என்பது அப்போது தெரியாது.

ஜிபி எழுதும் கடிதம் எப்போதும் நேராக நிபுணரின் வரிசைக்குப் போவதில்லை. முழங்கால், முதுகு போன்ற மூட்டுப் பிரச்சினைகளாயின், பல பகுதிகளில் அது முதலில் பிசியோதெரப்பிஸ்ட்டுகள் நடத்தும் ஒரு தரம்பிரிப்புப் பிரிவுக்குச் செல்கிறது. அங்கே கடிதத்தை வாசிப்பவர் எக்ஸ்ரே கேட்கலாம், உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாம், நிபுணரிடம் அனுப்பலாம், அல்லது ஜிபியிடமே திருப்பிவிடலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. ஜிபி நோயாளியை அனுப்பாமல் நிபுணரிடம் எழுத்தில் ஆலோசனை மட்டும் கேட்கலாம். இதை ஊக்குவிக்க, ஒவ்வொரு ஆலோசனைக் கோரிக்கைக்கும் ஜிபி நிலையத்துக்கு 20 பவுண்ஸ் வழங்கும் ஏற்பாடு 2025 ஏப்ரலில் தொடங்கியது. தேவையற்ற அலைச்சலைக் குறைப்பதால் இந்த ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இவற்றில் எந்த வழியில் தன் கடிதம் போனது என்பது நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்களுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. எலும்பியல் நிபுணரின் வரிசையில் அம்மாவின் பெயர் இருக்கிறது என்று நம்பிப் பல மாதங்கள் காத்திருந்தோம். ஒருநாள் வைத்தியசாலையின் அப்பொயின்ட்மென்ட் பிரிவுக்கு அழைத்துக் கேட்டபோது, அங்கே அவர் பெயரே இல்லை. முதலில் உடற்பயிற்சி செய்து பார்க்க வேண்டும் என்ற குறிப்புடன் கடிதம் ஜிபி நிலையத்துக்குத் திரும்பியிருந்தது. அந்தக் குறிப்பு அம்மாவின் கோப்பில் அப்படியே கிடந்தது. முழங்கால் தேய்வுக்கு உடற்பயிற்சியே முதல் வைத்தியம் என்பதால் அந்த ஆலோசனையில் தவறில்லை. அதை அன்றைக்கே சொல்லியிருந்தால், படியேற முடியாமல் அவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அத்தனை மாதங்களும் பயிற்சிக் காலமாக இருந்திருக்கும். ஒரு குறுஞ்செய்தியில் முடிந்திருக்க வேண்டிய விடயம் இது. எனக்கு இன்றுவரை ஆறாத கோபமும் இதுதான்.

அரசாங்கத்தின் வாக்குறுதி தெளிவானது: ரெஃபர் செய்யப்பட்டவர்களில் 92 சதவீதத்தினர் 18 வாரங்களுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. இந்த இலக்கு கடைசியாக எட்டப்பட்டது 2016 பெப்ரவரியில். கோவிட்டுக்கு முன்பே 45 இலட்சத்தைத் தாண்டியிருந்த காத்திருப்புப் பட்டியல், 2023 செப்டெம்பரில் 77 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகி உச்சத்தைத் தொட்டது. ஒருவரே இரண்டு வரிசைகளில் இருக்கலாம் என்பதால் ஆட்களின் தொகை இதைவிடக் குறைவு. 2029 மார்ச்சுக்குள் பழைய இலக்கை மீண்டும் எட்டுவோம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த 18 வாரங்களும், நீங்கள் முதன்முதலில் வலி என்று ஜிபிக்கு அழைத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. தரம்பிரிப்புப் பிரிவையோ வைத்தியசாலையையோ கடிதம் சென்றடைந்த பின்னரே எண்ணத் தொடங்குகிறார்கள். அம்மாவின் கடிதம் ஜிபியிடம் திரும்பிக் கிடந்த மாதங்கள் எந்தப் புள்ளிவிபரத்திலும் இல்லை.

இரண்டாவது கடிதம் எழுதப்பட்டபோது நிலைமை மாறியது. கோவிலில் சந்தித்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர்தான், எந்த வைத்தியசாலைக்குப் போவது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது என்று சொன்னார். 2008 முதல், ஜிபி ரெஃபர் செய்யும்போது, இங்கிலாந்தில் எந்தப் பகுதியிலும் உள்ள வைத்தியசாலையை, என்.எச்.எஸ். உடன் ஒப்பந்தம் செய்த தனியார் வைத்தியசாலைகள் உட்பட, நாம் கேட்கலாம். என்.எச்.எஸ்.-இன் ‘மை பிளான்ட் கெயார்’ (My Planned Care) இணையத்தளத்தில் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு காலம் காத்திருக்க நேரிடும் என்று பார்க்கலாம். நாங்கள் பார்த்துச் சற்றுத் தூரமான ஒரு வைத்தியசாலையைக் கேட்டோம். ரயிலில் போய்வருவது அம்மாவுக்குச் சிரமம்தான், ஆனாலும் திகதி முன்பைவிட மிக விரைவாகக் கிடைத்தது. அந்த உரிமையை ஜிபி நிலையத்தில் எவரும் எங்களிடம் முன்பு சொன்னதில்லை.

அதேபோல், தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அதை ஜிபியின் கடிதத்திலேயே எழுதச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது தாய்மார் சிறுநீர்ப் பிரச்சினையையோ மனச்சோர்வையோ வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதை நேரில் கண்டவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சந்திப்புத் திகதி பெரும்பாலும் குறுஞ்செய்தியிலோ செயலியிலோதான் வருகிறது. தவறவிட்டால் பெயரை நீக்கி ஜிபியிடமே திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே பெற்றோரின் கோப்பில் உங்களுடைய தொலைபேசி எண்ணையும் அவர்களின் சம்மதத்துடன் பதிந்து வையுங்கள்.

நிபுணருடனான சந்திப்பு நிறைவாக இருந்தது. எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார், தொலைபேசியில் இணைந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார், சத்திரசிகிச்சை இப்போது தேவையில்லை என்று காரணத்துடன் சொல்லி ஊசி ஒன்றைப் பரிந்துரைத்தார். எல்லாம் ஒரு பென்னி செலவில்லாமல். மறுபரிசோதனைக்கான திகதி மட்டும் இன்னும் வரவில்லை. முதல் வைத்தியம் தொடங்கியதும் 18 வாரக் கணக்கு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகான தாமதம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. இந்த முறை பேசாமல் காத்திருக்கப் போவதில்லை. நிபுணரின் செயலாளரை அழைத்து, அம்மா எந்தப் பட்டியலில் இருக்கிறார், எந்த மாதத்துக்குள் பார்க்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது என்ற இரண்டு விபரங்களையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால், நோயாளிகளின் முறைப்பாடுகளைக் கவனிக்க வைத்தியசாலையிலேயே இருக்கும் ‘பால்ஸ்’ பிரிவுக்கு எழுதுவேன்.